தையல் இயந்திரம் கொடுத்தால் தொழில் வளருமா?

எமது ஊர்களில் சுயதொழில் உதவி என்றால் பெரும்பாலும் ஒரு தையல் இயந்திரம் அல்லது ஒரு தொகைப் பணம்தான். ஆறு மாதத்தில் அந்த இயந்திரம் விலைபோய்விட்டால், "அவருக்கு முயற்சி இல்லை" என்று கதையை முடித்துவிடுகிறோம். வணிகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியர் என்ற வகையில் இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடிவதில்லை.

இதற்கு விடைதேட நாம் தூரம் போகத் தேவையில்லை. 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரப் ஆகிய பொருளியலாளர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கினர். குலுக்கல் முறையில் தெரிவான சிறு தொழில் செய்வோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபா, பணமாகவோ பொருளாகவோ வழங்கப்பட்டது. அந்த முதல் மாதமொன்றுக்குச் சராசரியாக 5 வீதமளவில் வருமானம் தந்தது. இது வங்கி வட்டியை விட மிக அதிகம். அதாவது, பலரிடம் முயற்சி இருந்தது, முதல்தான் இருக்கவில்லை.

ஆனால் இந்தப் பலன் ஆண்களின் தொழில்களிலேயே தெரிந்தது. பெண்களின் தொழில்களில் சராசரியாக இலாபம் கூடவில்லை. பெண்களிடம் ஊக்கம் குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பலர் வருமானம் குறைந்த தொழில்களிலேயே இருந்தனர். வீட்டில் இன்னொருவரும் தொழில் செய்தால், பெண்ணுக்குக் கொடுத்த முதல் அங்கே போய்விடுகிறது என்பதைப் பிந்திய ஆய்வொன்று இலங்கை, இந்தியா, கானா ஆகிய நாடுகளின் தரவுகளைக் கொண்டு விளக்கியது.

அப்படியானால் ஊக்கத்துக்கு இடமே இல்லையா? இருக்கிறது. மேற்கு ஆபிரிக்க நாடான டோகோவில் 1,500 சிறு தொழில் முயற்சியாளர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் கணக்கு, சந்தைப்படுத்தல் போன்ற வழமையான பயிற்சி கிடைத்தது. இன்னொரு பகுதியினருக்குத் தாமாக முன்வருதல், வருவதை முன்கூட்டியே சிந்தித்தல், தடை வந்தாலும் விடாதிருத்தல் ஆகியவை பழக்கப்பட்டன. இவர்களின் இலாபம் 30 வீதம் உயர்ந்தது. வழமையான பயிற்சி பெற்றோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஊக்கம் என்பது பிறவிக் குணமாக மட்டும் இருந்திருந்தால் இப்படிப் பழக்கியெடுக்க முடிந்திருக்காது.

ஆகவே பள்ளிவாசல் ஸகாத் குழுக்களும் நலன்புரிச் சங்கங்களும் உதவி வழங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பொருளை வாங்க ஊரில் ஆள் உண்டா? கொடுக்கும் முதல் உரியவரின் கையில் தங்குமா? அடுத்த ஒரு வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று வழிகாட்டப் போவது யார்? இவற்றுக்கு விடையில்லாமல் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, தொழில் படுத்துவிட்டால் வாங்கியவரைக் குறை சொல்வது நியாயமில்லை.