பிள்ளையோட நட்சத்திரம் அப்பாவுக்கும் தெரியணும்

மனசுல பட்டதை எழுதுறேன், தப்பா இருந்தா பொறுத்துக்கோங்க.

நம்ம கோயில் மண்டபத்துல பிறந்தநாள் கேக் வெட்டலாமா கூடாதான்னு ரெண்டு வாரமா வாட்ஸ்அப் குழுவில பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. பலூன் கட்டுறாங்க, கேக்ல முட்டை இருக்கு, விளக்கு ஏத்துற இடத்துல மெழுகுவர்த்திய ஊதி அணைக்கிறாங்கன்னு குறை. முட்டை விஷயத்துல நானும் அவங்க கட்சிதான். முட்டை இல்லாத கேக் கேட்டா கடையிலேயே செஞ்சு தர்றாங்க. ஆனா தடை போட்டா பிள்ளைங்க கோயிலுக்கு வராம வேற எங்கயாவது போய் வெட்டுவாங்க, அவ்வளவுதான். நாம கவலைப்பட வேண்டியது வேற ஒண்ணு.

ஞாயித்துக்கிழமை நான் அர்ச்சனைச் சீட்டு எழுதுற கவுண்டர்ல உட்காருறேன். பிறந்தநாள்னு வர்ற பிள்ளைகிட்ட பேரு கேட்டா உடனே சொல்லும். நட்சத்திரம் கேட்டா அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மாதான் சொல்லுவாங்க. அப்பா பக்கத்துல போனைப் பார்த்துக்கிட்டு நிப்பார், இல்லைன்னா வந்திருக்கவே மாட்டார். யாரையும் குத்திக் காட்டலை. நானும் அப்படி ஒரு அப்பாதான்.

என் மகன் 1998-ல தீபாவளி முடிஞ்ச அதே வாரத்துல பிறந்தான். தொழிற்சாலையில அந்த நேரம் எப்பவும் ஓவர்டைம் இருக்கும். லீவு போட்டா சம்பளத்துல இடிக்கும், வீட்டுக் கடன் வேற. வீட்ல ஆல்பத்தைப் பிரிச்சா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு படம் இருக்கு. ரெண்டே ரெண்டு படத்துலதான் நான் இருக்கேன்.

ஏழாவது பிறந்தநாளுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வந்துடுறேன்னு அவன்கிட்ட சொல்லிட்டுப் போனேன். அன்னைக்குன்னு பார்த்து மெஷின் நின்னுபோச்சு. வீட்டுக்கு வந்தப்ப மணி பதினொண்ணு. புதுச் சட்டையோட சோபாவுலயே தூங்கிட்டான், நெத்தியில கோயில் விபூதி. கேக் வெட்டாம அப்படியே இருந்துச்சு. மறுநாள் காலையில ஸ்கூல் பஸ் வர்றதுக்கு முன்னால அவசர அவசரமா வெட்டினோம். அவன் ஒண்ணும் சொல்லலை. ஆனா அடுத்த வருஷத்துல இருந்து, "எப்பப்பா வருவீங்க"ன்னு கேக்குறதையே விட்டுட்டான். அதுதான் இன்னமும் உறுத்துது.

மூணு வருஷத்துக்கு முன்னால தொண்டுக்கு வந்த புதுசுல, சிங்கப்பூர்ல வேலை செய்யுற அவன் பேருக்கு நானே சீட்டு எழுத உட்கார்ந்தேன். பேரு எழுதினேன். நட்சத்திரம்னு வந்ததும் கை நின்னுபோச்சு. பின்னால வரிசை நிக்குது, நான் மனைவிக்குப் போன் போடுறேன். "அனுஷம்ங்க, விருச்சிக ராசி. ஊருக்கெல்லாம் எழுதுறீங்க, பெத்த பிள்ளைக்குத் தெரியலையா?"ன்னாங்க. பதில் சொல்ல வாய் வரலை.

பிறப்புப் பத்திரத்துல தேதி இருக்கும், நட்சத்திரம் இருக்காது. அதை வீட்லதான் சொல்லிக் கொடுக்கணும். பிறந்த தமிழ் மாசத்துல அந்த நட்சத்திரம் என்னைக்கு வருதோ அதுதான் நட்சத்திரப் பிறந்தநாள். அதனால இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் மாறும். என் மகனுக்கு ஒரு வருஷம் அக்டோபர் கடைசியில வரும், ஒரு வருஷம் நவம்பர்ல வரும். சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுத்தி வர சுமார் 27 நாள் ஆகுது. தமிழ் மாசம் அதைவிட நீளம். அதனால சில மாசத்துல ஒரே நட்சத்திரம் ரெண்டு தடவை வந்துடும். அப்போ எதை எடுக்கிறதுன்னு குருக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

நிர்வாகத்துக்கு என் யோசனை இதுதான். கேக் வெட்டட்டும். அதுக்கு முன்னால பிள்ளை கவுண்டருக்கு வந்து தன் பேரு, நட்சத்திரம், ராசியைத் தன் வாயால சொல்லட்டும். தெரியலைன்னா அப்பா சொல்லிக் கொடுக்கட்டும். அம்மா அன்னைக்கு ஒரு நாள் சும்மா நிக்கட்டும், பெத்தவங்க அவங்கதானே.

வேலை முக்கியம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த ஒரு நாளைக்கு முன்கூட்டியே லீவு எழுதி வைங்க. நான் வாங்கின ஓவர்டைம் காசு எப்பவோ கரைஞ்சுபோச்சு. ஆல்பத்துல காலியான இடம் அப்படியே இருக்கு.

போன ஐப்பசி அனுஷத்தன்னைக்குக் குருக்கள்கிட்ட நானே சொல்லி அர்ச்சனை பண்ணினேன். மகனுக்குப் படம் அனுப்பினேன். "அப்பா, நட்சத்திரம் நீங்களா சொன்னீங்க?"ன்னு கேட்டிருந்தான். ஆமாய்யான்னு பதில் போட்டேன்.

உங்க கருத்தையும் சொல்லுங்க.