வில்லா கட்டினா வேலைக்கு ஆள் இல்ல!

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல நாம ராஜா. 1998-ல வந்த சீசர் 3-ல நாம வெறும் முனிசிபாலிட்டி கமிஷனர் மாதிரி. எனக்கு என்னவோ ரெண்டாவதுதான் பிடிக்குது. சண்டையை விட, சந்தைக்காரம்மா முச்சந்தியில எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு பார்க்கறதுதான் திக் திக். அவங்க வராத தெருவுல வீடெல்லாம் படிப்படியா இறங்கிடும்.

அதுல ஒரு விஷயம் பிரமாதம். எண்ணெய், ஒயின், கோயில், குளியல்கூடம்னு எல்லாம் கொடுத்து வீட்டை வில்லா ஆக்கிட்டா, உள்ள இருக்கறவங்க பட்ரீஷியன். வரி கட்டுவாங்க, வேலைக்கு மட்டும் வரமாட்டாங்க. பண்ணையில ஆளில்லாம ஊரே பட்டினி! (நான் கட்டின மூணு ஊரு இப்படித்தான் போச்சு.)

ஆனா நிஜ ரோமுல இந்தச் சிக்கலே கிடையாதே? பணக்காரங்களோட வயல்லயும் சுரங்கத்துலயும் உழைச்சது அடிமைங்க. விளையாட்டுல எல்லாருக்கும் சம்பளம் உண்டு, அதை நாமளே கூட்டிக் குறைக்கலாம். கிளாடியேட்டர் பள்ளி இருக்கு, சிங்கக் கூண்டு இருக்கு. தெருவுல நடக்கற அத்தனை பேருல அடிமைன்னு ஒருத்தரைக் காணோம். அசிங்கத்தைத் துடைச்சிட்டு பளிங்கை மட்டும் காட்டறாங்க. எனக்கு இது உறுத்துது.

இருந்தாலும், நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அதைத்தான் ஆடிட்டு இருந்தேன்.