முறியாத சாதனை யாருக்குப் பெருமை?

2003இல் பாரிஸ் உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் 6.70 மீட்டர் நீளம் தாண்டி வெண்கலம் வென்றார் கேரளத்தின் அஞ்சு பாபி ஜார்ஜ். அப்போட்டியில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. அடுத்த பதக்கம் வர 19 ஆண்டுகள் ஆயின. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவர் தாண்டிய 6.83 மீட்டர் என்ற தேசியச் சாதனை இருபதாண்டுகள் கடந்தும் முறியவில்லை.

இது அவருக்குப் பெருமை; ஆட்சியாளர்களுக்கு அவமானம். ஒற்றைச் சிறுநீரகத்துடன் சாதித்ததாக 2020இல் அவர் வெளிப்படுத்தியபோது அமைச்சர் முதல் அனைவரும் பாராட்டினர். தனிமனித மனவுறுதியைப் போற்றுவதற்கு அரசுக்குச் செலவேதும் இல்லை. உழைப்பாளி வீட்டுப் பெண்பிள்ளைக்குத் தேவை பாராட்டன்று. சத்தான உணவும், மணற்குழியும், பயிற்சியாளரும்தான். அடுத்த அஞ்சு எங்கே என்று கேட்பவர்கள், முதலில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மைதானமும் உடற்கல்வி ஆசிரியரும் தரட்டும்!