செருப்புக்காகக் காலைத் தறிக்கலாமா?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்குச் சில மாதங்களுக்குள் உண்டாகும் முதல் ஆசை, அதன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு இன்னும் அகலமானவற்றைப் பூட்ட வேண்டும் என்பதே. அது நிறைவேறிய பின், மேடுபள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போதும் டயர் எதிலோ உரசும் ஓசை கேட்கத் தொடங்கினால், மட்கார்டின் உள்விளிம்பை மடிப்பதும், மடித்தும் தீராவிட்டால் வெட்டுவதும், உள்பக்கம் இடித்தால் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசர் தகட்டைச் சொருகுவதுமாகப் பரிகாரங்கள் தொடர்கின்றன. செருப்புச் சேரவில்லை என்று காலைத் தறிப்பதற்கு ஒப்பான இந்த முறை விபரீதமானது. உரசலைத் தீர்க்க வேண்டிய காலம் சக்கரம் வாங்குவதற்கு முன்னரே, தீர்க்கும் உபாயம் ஆஃப்செட் என்னும் எண்ணே என்பது என் அபிப்பிராயம்.

சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பின்மேல் பொருந்தும் அதன் முகப்பு எத்தனை மில்லிமீட்டர் வெளிப்புறமாகத் தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். எண் பெருகினால் சக்கரம் ஷாக் அப்சார்பரை நோக்கி உள்ளே ஒடுங்கும். குறைந்தால் மட்கார்டை நோக்கி வெளியே வரும். 2012-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86 காரை எடுத்துக்கொள்வோம். அதன் 17 அங்குலச் சக்கரத்தின் அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் 48. அதே ஆஃப்செட்டில் 8 அங்குல அகலச் சக்கரத்தைப் பூட்டினால், கூடுதலான ஓர் அங்குலம் இருபுறமும் 12.7 மில்லிமீட்டராகப் பங்கிடப்படும். உள்ளே இடமில்லை என்று ஆஃப்செட்டை 35 ஆக்கினால், உள்விளிம்பு பழைய இடத்திலேயே நிற்க, ஏறத்தாழ அந்த ஓர் அங்குலம் முழுவதும் மட்கார்டின் தலையில் விழும். இருக்கும் இடம் ஒன்றே; அதை எப்படிப் பாகம் செய்வது என்பதை மட்டுமே இந்த எண் நிர்ணயிக்கிறது.

அந்தப் பாகத்தையும் கண்ணுக்கு அழகாயிருக்கிறது என்பதற்காகச் செய்துவிட முடியாது. ஆஃப்செட் குறையக் குறைய டயர் தரையைத் தொடும் இடம், ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளியிலிருந்து வெளிப்புறமாக நகர்கிறது. அதன் பயனாக, ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போது ஸ்டியரிங் கையை இழுப்பதும், வீல் பேரிங்கின் மேல் சுமை அதிகரிப்பதும் நேரும். ஸ்பேசர் போட்டாலும் விளைவு இதுவே. 5 மில்லிமீட்டர் தகடு ஆஃப்செட்டில் ஐந்தைக் குறைப்பதோடு, நட்டு பிடிக்க வேண்டிய மரையையும் அந்த அளவுக்கு விழுங்கிவிடுகிறது.

கம்பெனிக்காரன் சிக்கனம் கருதிச் சிறிய டயரைக் கொடுத்துவிட்டான் என்று வாதிப்போர் உண்டு. ஆனால் 86-இன் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா, பிடிப்பு மிகுந்த டயரை நாடாமல், பிரியஸ் காரின் சில வகைகளுக்கும் பூட்டப்பட்ட 215/45 அளவு டயரை ஏற்றது, மிதமான வேகத்திலேயே கார் சற்றே வழுக்கி ஓட்டுநருக்கு ஆனந்தம் தர வேண்டும் என்னும் நோக்கத்தினால்தான். பிடிப்பை நாடி அகலத்தைக் கூட்டுவது தவறு என்று சொல்ல வரவில்லை. எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று அறிந்து செய்வதே விவேகம். ஜப்பானியச் சட்டமும், 2017-இல் செய்த திருத்தத்தின்படி, டயரின் பக்கவாட்டு 10 மில்லிமீட்டருக்கும் குறைவாக வெளியே பிதுங்குவதைப் பொறுத்துக்கொள்கிறதே ஒழிய, சக்கரமே மட்கார்டுக்கு வெளியே நீட்டுவதை ஏற்பதில்லை.

ஆகவே முதலில் கார் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். உரசும் டயரைக் கழற்றினால், அதன் உள்பக்கவாட்டில் மெருகேறிய ஒரு வளையமோ, தோள்புறத்தில் தகரம் சீவிய கோடோ பிரத்தியட்சமாகத் தெரியும். முன்னது இடம் உள்ளே போதவில்லை என்பதற்கும், பின்னது வெளியே போதவில்லை என்பதற்கும் சாட்சி. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்டும் பிளாஸ்டிக் லைனரில் உரசுமானால், அகலத்தோடு டயரின் உயரத்தையும் சந்தேகிக்க வேண்டும். 215/45-க்குப் பதில் 225/45 போட்டாலே டயரின் விட்டம் 9 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கிய நிலையிலும், ஸ்டியரிங் இரு புறமும் ஒடிந்த நிலையிலும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியே அளந்து, உள்ளும் புறமும் சில மில்லிமீட்டரேனும் மிஞ்சும்படி ஆஃப்செட்டைத் தீர்மானித்துவிட்டு, அதன் பின்னரே கடைக்குப் போக வேண்டும்.

அந்த எண்ணில் 8 அங்குலச் சக்கரம் அகப்படவில்லையானால், 42 ஆஃப்செட்டுள்ள ஏழரை அங்குலச் சக்கரத்தோடு திருப்தியடைவதில் இழிவொன்றும் இல்லை. உள்விளிம்பு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, வெளியே சுமார் 12 மில்லிமீட்டர் மட்டுமே கூடும். சஸ்பென்ஷன் தன் முழு வீச்சுக்கும் தடையின்றி இயங்க, வளைவில் அஞ்சாமல் ஓட்டக்கூடிய ஏழரை அங்குலம், உரசலுக்கு அஞ்சி ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக் போட வைக்கும் ஒன்பது அங்குலத்தைவிட வேகமான சக்கரம்.