காய்ச்சினால் போகாத விஷம்

கயத்தாற்றில் அண்மையில் ஒரு கலியாணப் பந்தியில், ஆழ்துளைக் கிணற்று ஜலத்தில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்ப்பது நல்லது என நான் வாயை விட, எதிர் இலையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "நல்லாக் கொதிக்க வச்சுக் குடிங்க அண்ணாச்சி, அக்கினிக்கு முன்னால எந்த வெசம் நிக்கும்?" என்று ரசாயன சாஸ்திரம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, அப்பளத்தை நொறுக்கலானார். பந்தியே தலையை ஆட்டியது.

காலராக் கிருமி ஜீவன், கொதித்தால் மாளும். உயிரே இல்லாத ஈயத்தை எந்த அக்கினி கொல்லும்? பூமியில் வேறு எவனுக்கு இது விளங்காவிட்டாலும், தூத்துக்குடி ஜில்லாக்காரனுக்கு விளங்க வேண்டாமா? உப்பளத்துப் பாத்தியில் கட்டிய கடல்நீரிலிருந்து சூரியன் ஜலத்தை மட்டுமே கொண்டுபோகிறான். கரைந்திருந்த உப்பு வெள்ளைப் படிகமாகத் தரையில் தங்க, அதைத்தான் கால் வெடிக்க நின்று வாரி அம்பாரமாகக் குவிக்கிறார்கள். வெப்பம் பட்டதும் கரைந்த பொருள் ஓடிவிடுமானால், நம் உப்பள முதலாளிகள் என்றைக்கோ மஞ்சள் கடுதாசி கொடுத்திருப்பார்கள். மூன்று படி ஜலம் இரண்டு படியாகச் சுண்டினால், அதிலுள்ள ஈயம் ஒன்றரை மடங்கு செறிவாகும். காய்ச்சியவர் குடிப்பது சுண்டக் காய்ச்சிய விஷம்.

வங்காளத்தில் குளத்துக் கிருமிக்குப் பயந்து குழாய்க் கிணறு போட்டார்கள். பளிங்கு போன்ற ஜலம். வாசனையில்லை, ருசியில் குற்றமில்லை. 1983-இல் கல்கத்தாவில் டாக்டர் கே. சி. சாஹா நோயாளிகளின் தோலில் கண்ட புள்ளிகளும் தடிப்புகளும் அந்த ஜலத்திலிருந்த ஆர்ஸெனிக்கின் கைவரிசை. லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்று நம் தர நிர்ணயம் விதித்திருக்கும் அந்த வஸ்துவை அடுப்பேற்றினால் என்ன ஆகும்? மறுபடியும் உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

இத்தகைய விஷங்களைப் பிடித்து வைக்கும் சாமர்த்தியம் நெருப்பைவிட மண்ணுக்கே உண்டு. நம் கரிசலில் மிகுந்திருக்கும் மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண்ணின் ஏடுகள் எதிர்மின்னேற்றம் உடையவையாதலால், நேர்மின்னேற்றமுள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் பற்றிக்கொள்ளும். ஆர்ஸெனிக் நீரில் எதிர்மின்னேற்றத்தோடோ மின்னேற்றமே இல்லாமலோ நிற்பதால் வெறும் களிமண்ணுக்கு வசப்படாது. அந்த மண்ணுக்கே இரும்பு ஆக்ஸைடு பூசிப் பக்குவப்படுத்தினால் வசப்படும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழுவினர், இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு இரும்புத் தாதுவின் நுண்துகள்களைப் பிணைத்து, 'அம்ரித்' என்ற ஆர்ஸெனிக் வடிகட்டியை உண்டாக்கினார்கள். இறாலை ஏற்றுமதி செய்து ஓட்டைக் குப்பையில் கொட்டும் நம் கடற்கரையில் அதைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

செப்புக் குடத்தில் ஒரு ராத்திரி வைத்தால் சகல தோஷமும் நீங்கும் என்று பிரசங்கிக்கும் வியாபாரிகள் வேறு. உலோகத்தை நீக்க உலோகக் குடமாம்! தாமிர ஆலை மாசுக்காக 2013-இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னதும், 2018 மே மாதத்தில் அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 13 பேர் துப்பாக்கிக்கு இரையானதும் இதே ஜில்லாவில்தான். உயிரைக் கொடுத்துக் கேட்ட நியாயத்துக்குக் குடமும் அடுப்புமா மாற்று?

மழைக்காலம் பிறந்தால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, "காய்ச்சிக் குடியுங்கள்" என்று தெருத்தெருவாகக் கூவுகிறார்கள். கிருமிக்கு அது சரி. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன, ஒரு பாட்டிலில் உங்கள் கிணற்று ஜலத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அந்த ஒலிபெருக்கி ஒரு தடவையாவது கூவினால், அதற்கு என்ன தொண்டையா கட்டிவிடும்?