மரை போனால் பழி பையன் மேலா?

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ ஒரு லாரிப் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். இஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை நடக்கும். எல்லாம் முடிந்து மூடியை மாட்டும்போது ஒரு போல்ட்டு பிடிக்காமல் சும்மா சுற்றும். மரை போய்விட்டது! உடனே எழும் கேள்வி என்ன? "எந்தப் பயல் முறுக்கினான்?" எண்ணெய்க் கையோடு நிற்கும் பையன் தலை குனிவான். லேத்துக் கூலியை அவன் சம்பளத்தில் பிடிக்கிறவர்களும் உண்டு.

இது நியாயமா? மரை ஏன் கெடுகிறது என்று தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள்.

பாரம் யார் தோளில்?

போல்ட்டை முறுக்கும்போது அது மயிரிழையளவு நீள்கிறது. நீண்ட இரும்பு திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புத்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் பாரம் எல்லா மரைக்கும் சமமாகப் போவதில்லை. நட்டு உட்காரும் முகத்தை ஒட்டிய முதல் மரையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. மூட்டை தூக்கும் தோழர்களுக்கு இது புரியும்; முன்னே நிற்பவன் சரிந்தால் பாரம் அடுத்தவன் மேல் விழும். மரையும் அப்படித்தான், ஒன்றன்பின் ஒன்றாக உரியும்.

துருவும் மண்ணும் மரையைக் கெடுக்கும். ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி முறுக்கினாலும் கெடும். எல்லாவற்றிலும் மோசம், ஜோடி மாறிய போல்ட்டு. இங்கிலாந்தில் விட்வொர்த் என்பவர் 1841-ல் 55 டிகிரிக் கோணத்தில் மரைக்கு ஓர் அளவு சொன்னார். அமெரிக்காவில் செல்லர்ஸ் 1864-ல் 60 டிகிரி என்றார். அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த் அளவுக்கு அங்குலத்துக்கு 12 மரை. அமெரிக்க அளவுக்கு 13! யுத்தத்தில் பட்ட கஷ்டத்துக்குப் பிறகு 1948-ல்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்குச் சம்மதித்தன. நம் நாட்டில் மெட்ரிக் அளவுச் சட்டம் 1956-ல் வந்தது. மெட்ரிக்கிலும் 10 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியிலும் உண்டு, ஒன்றேகாலிலும் உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய போல்ட்டு டப்பாவில் எல்லாம் கலந்து கிடக்கும். பையன் ஒன்றை எடுப்பான். இரண்டு சுற்று சுகமாக ஏறும். அப்புறம் ஸ்பானர் போட்டு அழுத்துவான். மரை நாசம்! மரையின் இடைவெளியை அளக்கச் சீப்புப் போன்ற ஒரு கேஜ் உண்டு. அதை அவன் கையில் யாராவது கொடுத்தார்களா?

செப்பனிடும் முறை

மரை கொஞ்சம் நசுங்கியிருந்தால் வெட்டுகிற டையை அவசரப்பட்டுப் போடக்கூடாது. அது நல்ல இரும்பையும் சீவி மரையை மெலியச் செய்யும். மரையை நிமிர்த்தும் டையும், மரை அரமும் தனியே உண்டு. துளையைச் சுத்தம் செய்ய, அதே அளவுள்ள நல்ல போல்ட்டில் ரம்பத்தால் நெடுக இரண்டு மூன்று பள்ளம் கீறி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டலாம். அழுக்கெல்லாம் பள்ளத்தில் சேரும்.

துளையில் மரை அடியோடு போயிருந்தால், துளையைப் பெரிதாக்கி, அதற்கென்றுள்ள டாப்பால் புது மரை வெட்டி, ஸ்பிரிங் போன்ற எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே ஏற்றலாம். பழைய அளவு போல்ட்டே மறுபடி பொருந்தும். அலுமினிய உடம்பில் இந்த மரை பழையதைவிடப் பலமாகவே நிற்கும்.

ஆனால் சிலிண்டர் ஹெட் போல்ட்டு, கனெக்டிங் ராடு போல்ட்டு, சக்கர ஸ்டட் ஆகியவற்றின் மரை கெட்டால் செப்பனிடவே கூடாது. புதிது போட வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்கும் காசு டிரைவரின் உயிர்!

இன்னொன்று. அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கப் போல்ட்டை முறுக்கினால் இஞ்சின் பிளாக்கே வெடிப்பு விடும். எண்ணெய் நசுங்காது, ஜாக்கி லாரியைத் தூக்குவது அந்தப் பலத்தால்தானே? முதலில் காற்றடித்துத் துளையைக் காயவைக்க வேண்டும். கண்ணாடி போடாமல் காற்றடித்தால் போவது பையனின் கண்.

என்ன செய்ய வேண்டும்?

டாப்பு செட், மரை கேஜ், முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரிஞ்சு, கண்ணுக்குக் கண்ணாடி: இவை பட்டறைக்காரர் வாங்கி வைக்க வேண்டியவை. பையன் தன் கூலியில் வாங்க வேண்டியவை அல்ல. மரையைச் சுத்தம் செய்யும் அரைமணி நேரமும் வேலை நேரமே. அதற்கும் கூலி உண்டு. "வண்டி இன்று ராத்திரியே போக வேண்டும்" என்று விரட்டிவிட்டு, மரை போனதும் விரட்டப்பட்டவன் மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்? நடுவழியில் நிற்கும் ஒரு லாரியின் நஷ்டத்துக்கு முன் ஒரு டாப்பு செட்டின் விலை எம்மாத்திரம்?

மேஸ்திரிகளே! கை பழகாத பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். ஸ்பானர் எடுக்குமுன் போல்ட்டை விரலாலேயே ஏற்றிப் பார்க்கப் பழக்குங்கள். இனி ஒரு போல்ட்டு சும்மா சுற்றினால், எந்தப் பயல் என்று கேட்பதற்கு முன், எந்தக் கருவி இல்லாமல் அவனை வேலைக்கு விட்டோம் என்று கேளுங்கள்!