பூனைக்கு இடும் பச்சை மாமிசம்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வீட்டுக்குள்ளேயே வளர்ந்துவந்த ஒரு பூனை பறவைக் காய்ச்சலால் இறந்தது. வெளியே சென்று பறவைகளைப் பிடித்துத் தின்னும் வாய்ப்பே இல்லாத அந்தப் பிராணியிடம் நோய்க்கிருமி எவ்வழியே வந்து சேர்ந்தது என்று ஆராய்ந்த அம்மாநில விவசாயத் துறையினர், அது உண்டுவந்த, உறையவைத்து விற்கப்பட்ட பச்சை வான்கோழி உணவில் அக்காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ் இருப்பதையும், பூனையின் உடலில் கண்ட வைரஸும் உணவில் கண்ட வைரஸும் மரபணு அமைப்பில் ஒத்திருப்பதையும் கண்டறிந்தனர். போர்ட்லந்து நகரத்தின் நார்த்வெஸ்ட் நேச்சுரல்ஸ் நிறுவனம் அந்தத் தயாரிப்பைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

இச்செய்தியைப் படித்த பூனை வளர்ப்போர் பலர், கோழியும் வான்கோழியும் கலந்த உணவு எதையுமே இனி வாங்கலாகாதோ என்று கலங்கினார்கள். 2022 முதல் அந்நாட்டில் 15 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைப் பறவைகள் இந்நோயாலும் நோய்த் தடுப்புக்காகக் கொல்லப்பட்டும் அழிந்திருக்கும்போது, அக்கலக்கம் இயற்கையானதே. ஆயினும் பறவை மாமிசம் என்ற ஒரே காரணத்தால் எல்லா உணவையும் ஒதுக்குவது தேவையற்றது. நாம் அஞ்ச வேண்டியது வேகாத மாமிசத்தை மாத்திரமே என்பதும், அதனை அந்நிலையிலேயே விற்க அரசாங்கங்கள் அனுமதித்துவருவது பெருந்தவறு என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இந்த வைரஸ் உஷ்ணத்தைத் தாங்காது. மாமிசத்தின் உட்பகுதி 74 பாகை செல்சியஸை எட்டும்படி வேகவைத்தால் அது அழிந்துபோகும். டப்பாவில் அடைத்து விற்கும் உணவோ, மூடி முத்திரையிட்ட பிறகு, கொதிநீரினும் மிகுந்த உஷ்ணத்தில் அழுத்தத்துடன் பதப்படுத்தப்படுகிறது. சிறு சிறு உருண்டைகளாக வரும் உலர்ந்த உணவும் கடும் உஷ்ணத்தைக் கடந்தே பைக்குள் வருகிறது. ஆகவே இவ்விருவகை உணவையும், அதில் கோழி இருப்பினும் வாத்து இருப்பினும், நோய் பரவியுள்ள காலத்திலும் தயக்கமின்றிக் கொடுக்கலாம். குளிரின் இயல்பு இதற்கு நேர்மாறானது. சோதனைச்சாலைகளில் வைரஸ்களைப் பல்லாண்டு பாதுகாக்க விரும்புவோர் அவற்றை உறையவைக்கிறார்கள் என்றால், உறையவைத்த பச்சை மாமிசம் தூய்மையானது என்று வாங்குவோர் நம்புவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

நோயுற்ற பறவை உணவுத் தொழிற்சாலைக்குள் எப்படி நுழைகிறது என்று கேட்கலாம். தொற்று உண்டான நாளுக்கும் அறிகுறி வெளிப்படும் நாளுக்கும் இடையே, பறவை ஆரோக்கியமாகவே தோன்றும் ஒரு சிறு காலம் உண்டு. அவ்விடைவேளையில் அறுக்கப்பட்டால் எந்தக் கண்ணுக்கும் குறை தெரியாது. இதனை உணர்ந்தே, 2025 ஜனவரியில் மினசோட்டா, தெற்கு டகோட்டா மாநிலங்களின் பெரிய வான்கோழிப் பண்ணைகளில், அறுப்புக்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் பரிசோதனை நடத்த அமெரிக்க விவசாயத் துறை ஏற்பாடு செய்தது.

இவ்வளவு அபாயம் இருந்தும் பச்சை மாமிசத்தை மக்கள் ஏன் விரும்பி வாங்குகிறார்கள்? தம் பிராணியின்மீது கொண்ட அன்பினால்தான். பூனை மாமிசபக்ஷிணி, அதன் முன்னோர் எவரும் அடுப்பு மூட்டியதில்லை, எனவே சமைத்த உணவு அதற்குப் பொருந்தாது என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்துக்குத் துணையாக அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, 1932 முதல் பத்தாண்டுக் காலம் கலிபோர்னியாவில் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான பூனைகளை வைத்துச் செய்த பரிசோதனையை. பச்சை மாமிசம் உண்டவை செழித்தன. சமைத்ததை உண்டவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. ஆனால் பூனையின் உடலுக்கு டாரின் என்ற சத்து இன்றியமையாதது என்பது அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. அச்சத்து குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975-இலும், இருதயம் தளரும் என்று 1987-இலும் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். சமைக்கும்போது குறையும் டாரினைத் தயாரிப்பாளர்கள் தனியே சேர்த்துவிடும் வழக்கமும் அதன்பின் நிலைபெற்றது. அந்தப் பூனைகளின் நலிவுக்கு இக்குறைபாடே காரணமாயிருக்கலாம் என்று இன்று பலரும் கருதும் நிலையில், பழைய பரிசோதனை ஒன்றை நம்பி, உயிர்க்கொல்லி நோய்க்கு வாசலைத் திறந்துவைப்பது எங்ஙனம் அன்பாகும்?

இந்த ஆபத்து ஆரிகனில் திடீரென முளைத்ததன்று. 2004 அக்டோபரில் தாய்லாந்தின் சிராச்சா புலிப் பண்ணையில், பச்சைக் கோழி தின்ற 441 புலிகளில் 147 இந்நோய்க்கு இரையாயின, அல்லது நோய் பரவாதிருக்கக் கொல்லப்பட்டன. 2023 ஜூலையில் தென்கொரியத் தலைநகர் சியோலின் பூனைக் காப்பகங்களில் நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்தபோது, கிருமிநீக்கம் செய்யப்படாத வாத்து உணவில் வைரஸ் இருந்தது. இருபது ஆண்டுகளாக ஒரே பாடம் வெவ்வேறு தேசங்களில் திரும்பத் திரும்பப் புகட்டப்பட்டும், கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம்.

2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பச்சைப் பறவை மாமிசத்தையோ, காய்ச்சாத பாலையோ கொண்டு நாய், பூனை உணவு தயாரிப்போர் எச்5என்1 அபாயத்தையும் கணக்கில் கொண்டு தம் பாதுகாப்புத் திட்டங்களை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல ஆணைதான். எனினும், திட்டத்தைத் திருத்துமாறு தயாரிப்பாளரிடம் சொல்வது வேறு. கிருமியை நிச்சயமாக அழிக்கும் ஒரு படியைக் கடக்காத பொட்டலம் எதுவும் கடைக்கு வரலாகாது என்று விதிப்பது வேறு. பின்னதையே நான் வேண்டுகிறேன். கடையில் நிற்கும் ஒருவர் பொட்டலத்தைப் பார்த்து, உள்ளே வைரஸ் உண்டா இல்லையா என்று அறிய வழியே இல்லாதபோது, அப்பொறுப்பை அவர் தலையில் சுமத்துவது தர்மமாகாது.

நம் நாட்டுக்கும் இது அந்நிய விஷயமன்று. 2024 டிசம்பரில் நாகபுரி கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 தாக்கி இறந்தன. அதற்கு அடுத்த மாதமே மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளிடமும் அது காணப்பட்டது. இங்கே உறையவைத்த பொட்டலங்களைவிடக் கோழிக்கடைக் கழிவே பூனைகளுக்கு அதிகம் கிடைக்கிறது. கடைக்காரர் ஒதுக்கித் தரும் தலை, கால், குடல் ஆகியவற்றை அப்படியே போடுவோர், அவற்றை நீரிலிட்டு நன்கு வேகவைத்து ஆறவிட்டுப் போட வேண்டும். பச்சை மாமிசம் தொட்ட கையையும் பாத்திரத்தையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். அருகில் கோழிகள் திடீரென மடியும் சமயத்தில் பூனையை வெளியே அலையவிடாமல் வைத்திருப்பதும் அவசியம். காய்ச்சல், உணவில் வெறுப்பு, மூச்சுத்திணறல், தள்ளாட்டம், வலிப்பு, பார்வைக் குறைவு ஆகியவை பூனையிடம் தோன்றினால், வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு முன்னதாகவே தகவல் சொல்லிவிட்டுக் கொண்டு செல்ல வேண்டும். சென்ற சில நாட்களில் அது எதைத் தின்றது, அது வெந்ததா வேகாததா என்பதை அவர் கேட்குமுன்பே கூறிவிட வேண்டும்.